ஏக்கருக்குப் பத்து லிட்டர்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்தில் ஒரு மக்காச்சோளக் காடு. ஐப்பசி மாதம், காலை ஏழரை மணி. பயிர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. குருத்துகளில் மரத்தூள் தூவியதுபோல் படைப்புழுவின் எச்சம். ட்ரோன் கொண்டுவந்திருந்த பையன் எந்திரத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தான். கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஒரு உறையிலிருந்து மஞ்சள் அட்டைகளை எடுத்தான். ஒவ்வொன்றும் பழைய சினிமா டிக்கெட் அளவுதான் இருக்கும். காட்டுக்குள் இறங்கி, செடிக்கு மூன்றாக, குருத்தருகே ஒன்று, நடு இலையில் ஒன்று, அடியில் தண்டோரமாக ஒன்று என்று கிளிப் போட்டு மாட்டினான். வெறும் கையால் தொட்டால் விரல் ஈரம் பட்டே அட்டை நீலமாகிவிடும். தண்ணீர் பட்ட இடம் மட்டும் நீலமாக மாறும் ரசாயனம் பூசிய தாள் அது.

அதன் பிறகுதான் ஆறு விசிறிகளும் சுழன்றன. காட்டுக்கு மேலே ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமாக ஏறி, போட்டுக் கொடுத்த கோட்டில் போய்வந்து, ஏழெட்டு நிமிடத்தில் ஒரு ஏக்கரை முடித்துக்கொண்டு எந்திரம் வரப்போரம் இறங்கிவிட்டது. டேங்க் காலி.

நிலத்துக்காரப் பாட்டி உள்ளே போய் ஒரு இலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏங் கண்ணு, இலை நனையவே இல்லியே? பத்து லிட்டரு எந்த மூலைக்குப் பத்தும்? நாங்க பன்னெண்டு டேங்க் அடிப்பமே!"

"நனைய வேண்டாங்க ஆத்தா. புள்ளி புள்ளியா விழுந்தாப் போதும்" என்றான் பையன். அட்டைகளைக் கழற்றி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தான். குருத்தட்டையில் நீலம் அம்மை போட்டதுபோல் நெருக்கமாக இருந்தது. நடு அட்டையில் பாதி. அடியில் இருந்ததில் எண்ணிவிடலாம்.

பாட்டி கேட்டதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. முதுகில் சுமக்கும் தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும். பன்னிரண்டு டேங்க் என்றால் கிட்டத்தட்ட 200 லிட்டர். அந்த 200 லிட்டர் செய்த வேலையை 10 லிட்டர் எப்படிச் செய்யும்? விசிறி, பேட்டரி, ஜிபிஎஸ் பற்றியெல்லாம் எல்லாரும் பேசுகிறார்கள். நான் துளியைப் பற்றிப் பேசப்போகிறேன். வானத்தில் பறக்கும் எந்திரம் வெறும் வண்டி. புழுவைச் சந்திக்கப் போவது துளிதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 10 லிட்டரை அதன்மேல் பரப்பினால் சதுர மீட்டருக்கு இரண்டரை மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டி. அதைக் கொண்டு இலையை நனைக்கவே முடியாது. ஆனால் உடைக்கலாம். 300 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக, அதாவது மூன்று நான்கு தலைமுடிகளைச் சேர்த்துவைத்த கனத்தில் உடைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் தரைக்குப் பதினேழு, பதினெட்டுத் துளி கிடைக்கும். வளர்ந்த பயிரில் தரையைப் போல் நான்கைந்து மடங்கு இலைப்பரப்பு இருக்கிறது. ஐந்தால் வகுத்தால் இலையில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று சொச்சம்தான் மிஞ்சுகிறது. பூச்சி மருந்துக்கு இருபது முப்பது புள்ளியாவது விழ வேண்டும், பூஞ்சாண மருந்துக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டும் என்பது தெளிப்புத் துறையில் நெடுநாள் வழக்கத்தில் உள்ள அளவு.

இப்போது துளியின் விட்டத்தைப் பாதியாக்குங்கள். 150 மைக்ரான். விட்டம் பாதியானால் கொள்ளளவு எட்டில் ஒன்று. ஆகவே அதே 10 லிட்டரில் எட்டு மடங்கு துளிகள். மூன்று சொச்சம் இருந்த இடத்தில் இருபத்தெட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்டவில்லை, கணக்கு நேராகிவிட்டது. பாட்டி அடித்த 200 லிட்டரில் கணிசமான பகுதி இலையில் வழிந்து மண்ணுக்குப் போனதுதான். ஓர் இலை பிடித்துவைக்கக்கூடிய தண்ணீருக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டியது நுனி வழியே சொட்டிவிடும்.

அப்படியானால் இன்னும் பொடியாக உடைத்துக்கொண்டே போகலாமே? அங்கேதான் சிக்கல். 300 மைக்ரான் துளி விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகமாக விழும். 100 மைக்ரான் துளியோ விநாடிக்குக் கால் மீட்டர்தான் இறங்கும். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து இலைக்கு வர அதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அந்தப் பத்து விநாடியும் முகத்தில் மெல்லப் படும் இளங்காற்று, விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வீசினால் துளி இருபது மீட்டர் தள்ளிப் போய் விழும். இருபது மீட்டர் தள்ளி இருப்பது பக்கத்துக் காட்டுக்காரர் பயிர்.

விழுந்தாலாவது பரவாயில்லை. 30 டிகிரி வெக்கையில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, 100 மைக்ரான் தண்ணீர்த் துளி ஏறக்குறைய கால் நிமிடத்தில் ஆவியாகிவிடும். அதற்குள் அது இறங்கியிருக்கும் தூரம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. தண்ணீர் போனபின் மருந்து மட்டும் தூசியைவிடப் பொடியாகி எங்கே போகிறது என்று யாரும் பார்க்க முடியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ட்ரோனில் மருந்து அடிப்பவரைப் பார்த்தால், அவர் பணத்தை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெரிய துளி தரையில் வீண், சின்னத் துளி காற்றில் வீண். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் வண்டி ஓட்டுவதுதான் ட்ரோன் தெளிப்பு.

இதில் ட்ரோனுக்கு இயற்கையாகவே ஒரு துணை உண்டு. 25 கிலோ எடையுள்ள எந்திரம் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், அந்த எடைக்கு ஈடாகக் காற்றை இடைவிடாமல் கீழே தள்ள வேண்டும். விசிறிகள் சுழலும் பரப்பு மொத்தம் இரண்டேகால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், காற்று விநாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர். தானாக விழ விட்டால் பத்து விநாடி எடுக்கும் துளியை இந்தக் கீழ்க்காற்று ஒரு நொடியில் பயிருக்குள் அடித்துச் செருகிவிடும். இலைகளைப் புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தையும் காட்ட வைக்கும். மக்காச்சோளக் குருத்து மேல்நோக்கித் திறந்த புனல் மாதிரி. புழுவும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து அடிக்கும் ட்ரோனுக்கு இதைவிட வசதியான எதிரி கிடையாது.

ஆனால் இந்தக் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. டேங்க் காலியாகி எந்திரம் 15 கிலோவுக்கு வரும்போது கீழ்க்காற்றும் ஐந்தரை மீட்டருக்கு இறங்கிவிடும்; முதல் வரிசைக்குக் கிடைத்த தள்ளு கடைசி வரிசைக்குக் கிடைக்காது. வேகமாக ஓட்டினால் காற்று செங்குத்தாக இறங்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து, துளிகளைச் சுழலில் மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போகும். உயரமாக ஓட்டினால் அகலமான பட்டை கிடைக்கும், சீக்கிரம் முடியும், ஆனால் தள்ளு பயிரைத் தொடுவதற்குள் செத்துவிடும். ரொம்பத் தாழ்த்தினால் பூக்கும் நெல்லைப் படுக்க வைத்துவிடும். ஏக்கர் கணக்கில் கூலி வாங்கும் பைலட்டுக்கு வேகமாகவும் உயரமாகவும் ஓட்டத்தான் ஆசை வரும். மஞ்சள் அட்டை மாட்டும் பையன்கள் அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ஆறேழு பேரில் இவன் ஒருவன்தான்.

சரி, ஏன் பத்து லிட்டர்? எட்டாகவோ இருபதாகவோ ஏன் இல்லை? பயிரைக் கேட்டு முடிவுசெய்த எண் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 2021 ஆகஸ்டில் வந்த இந்திய ட்ரோன் விதிகள் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையுள்ளவற்றைச் சிறிய ரகம் என்கின்றன. அதற்கு மேல் போனால் நடுத்தர ரகம், கெடுபிடிகளும் கூடும். எந்திரம், பேட்டரி, 10 லிட்டர் மருந்து எல்லாம் சேர்த்து 25 கிலோவைத் தொட்டும் தொடாமல் நிற்கிறது. வரம்புக்குள் அடங்கிய டேங்க் பத்து லிட்டர். ஒரு டேங்க் ஒரு ஏக்கர் என்றால் கணக்குப் பார்க்கவும் எளிது. கோப்பு வகுத்த எண்ணைப் பயிர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஆள் ஏறிய ஹெலிகாப்டரில் அங்கே 1958 முதலே நெல்லுக்கு மருந்து அடித்துவந்தார்கள். வீடுகள் வயல்களை நெருங்க நெருங்க, கிராமத்து ஆட்களுக்கு வயதாக ஆக, சின்னதாக ஒன்று தேவைப்பட்டது. அரசின் வேளாண் துறை தூண்டிவிட, யமஹா நிறுவனம் 1987இல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருபது கிலோ சுமை தூக்கும், பெட்ரோல் எஞ்சின். பேட்டரி ட்ரோன்கள் வயலுக்கு வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பு! சீனாவின் டிஜெஐ நிறுவனம் எட்டு விசிறியுள்ள விவசாய ட்ரோனை அறிவித்தது 2015இன் கடைசியில்தான். ஜப்பானியர் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 8 லிட்டர் அடிக்கிறார்கள். நம் ஏக்கர் கணக்கில் மூன்றேகால் லிட்டர். பாட்டியிடம் சொன்னால் சிரித்திருப்பார். ஆனால் அங்கே இந்த முறைக்கென்றே தனியாகப் பதிவுசெய்த மருந்துகளைத்தான் அடிக்க வேண்டும். ஊரே கூடி, வயல்களைத் தொகுப்பாக்கி, ஒரே நாளில் அடிப்பதும் வழக்கம். நம் ஊரில் முக்கால் ஏக்கருக்கு ஒரு வரப்பு, வரப்புக்கு வரப்பு வேறு பயிர்.

மருந்தின் கதைக்கு வருவோம். படைப்புழுவுக்குப் பரிந்துரைக்கும் எமாமெக்டின் பென்சோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 0.4 கிராம்; 200 லிட்டருக்கு 80 கிராம். ட்ரோனில் அடித்தாலும் ஏக்கருக்கு அதே 80 கிராம்தான். அதைப் பத்து லிட்டரில் கரைக்கும்போது லிட்டருக்கு 8 கிராம், இருபது மடங்கு திக்கான கரைசல். 200 லிட்டரில் சாதுவாக இருந்த மருந்துகள் பத்து லிட்டரில் முறைத்துக்கொள்ளும். நம் மருந்துக் கடைகளின் வழக்கம் தெரியுமே: ஒரு புழு மருந்து, கூடவே ஒரு பூஞ்சாண மருந்து, போகட்டும் என்று ஒரு டானிக். மூன்றையும் ட்ரோன் டேங்கில் ஊற்றினால் சில சமயம் பால் திரிந்ததுபோல் திரிந்து, வடிகட்டி அடைத்து, நாசில் மூச்சுத் திணறி நிற்கும். கெட்டிக்கார பைலட் முதலில் ஒரு தண்ணீர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து, கால் மணி நேரம் வரப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து அடியில் மண்டி தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்.

சட்டமும் இந்தத் திக்கைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு மருந்துக்கு அனுமதி கொடுப்பதென்றால் இந்தப் பயிருக்கு, இந்த அளவு, இவ்வளவு தண்ணீரில் என்றுதான் கொடுக்கிறார்கள். தண்ணீரை இருபதில் ஒன்றாகக் குறைத்தால் இலை கருகுமா, தானியத்தில் எவ்வளவு தங்கும் என்பதை மறுபடி பார்க்க வேண்டும். 2022இல் மத்திய அரசு ஒரே வீச்சில் 477 மருந்துகளை ட்ரோனில் அடிக்க இடைக்கால அனுமதி தந்தது. எந்திரம் முந்திக்கொண்டது, சோதனை பின்னால் வருகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

ட்ரோன் டேங்கில் அதிகம் ஏறும் இன்னொரு சரக்கு நானோ யூரியா. 2021இல் அறிமுகமானபோது அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். அப்போதைய பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு! இலைவழி உரத்தின் திறமை மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கூட்டல் கழித்தல் மீது அதைவிட மரியாதை.

மக்காச்சோளத்தில் ஜெயித்த எந்திரம் எல்லா இடத்திலும் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம். நெல்லில் புகையான் உட்காரும் இடம் தூர்; தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, நிழலில், ஈரத்தில். மேலே இலைகள் குடைபிடித்து நிற்க, பத்து லிட்டர் துளிகளில் பெரும்பகுதி குடையிலேயே தங்கிவிடும். கைத்தெளிப்பானோடு போகிறவர் பயிரை ஒதுக்கிப் பிடித்துத் தூரில் அடிப்பார். ட்ரோனுக்குக் கை இல்லை. தூரில் விழும் துளியை நம்பாமல், செடிக்குள் ஏறி ஓடும் ஊடுருவும் மருந்தை நம்ப வேண்டியிருக்கிறது. தென்னையில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் அப்படித்தான்: இலையின் அடிப்பக்கத்தில் குடியிருக்கும். மேலே பறப்பவனுக்கு மேற்பக்கம்தான் தெரியும்.

இனி காற்று. உடுமலைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றுக்குத்தான் சுற்றுவட்டாரமெல்லாம் காற்றாலை நிற்கிறது. அந்த மாதங்களில் ட்ரோன் பைலட் விடியற்காலையைத் தேடுவார். விசித்திரம் என்னவென்றால், இலைகூட அசையாத விடியற்காலையும் ஆபத்தானது. சில நாள் காலையில் அடுப்புப் புகை மேலே ஏறாமல் தெருவோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று அதற்கு மேலேயும் மூடிபோட்டதுபோல் நிற்கும் நேரம் அது. அப்போது தெளித்தால் பொடித் துளிகள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் கூட்டமாக மிதந்து, மெல்ல நகர்ந்து, எங்கோ ஓரிடத்தில் இறங்கும். புகை நேராக எழத் தொடங்கிய பிறகு, லேசான காற்று ஒரே திசையில் வரும்போது அடிப்பதுதான் சரி.

எங்கோ என்றேன். இந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கு அடுத்த காடு பல சமயம் மல்பெரி. மல்பெரி இலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு புழு மருந்து பட்டிருந்தாலும், அதைத் தின்ற பட்டுப்புழு கூடு கட்டாமல் வாந்தி எடுத்துச் செத்துவிடும். பட்டுப்புழுவும் புழுதானே, மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டுப்புழு மனைக்காரர் ஒரு தொகுதிப் புழுவையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரோடு இன்றுவரை பேசாமல் இருக்கிறார். ட்ரோன்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று நிரூபிக்க வழியில்லை. விமானத் தெளிப்பின் பெரிய பாடம் நமக்கு மேற்கே, கேரளத்தின் காசர்கோட்டில் எழுதப்பட்டது. அரசு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மேடும் பள்ளமுமான ஊர், தோட்டத்துக்குள்ளேயும் ஓரத்திலேயும் வீடு, கிணறு, பள்ளிக்கூடம். அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே நாடு முழுக்கத் தடைசெய்தது. ட்ரோன் ஹெலிகாப்டரைவிடத் தாழப் பறக்கும், குறைவாகத் தெளிக்கும், மரத்தைக் கண்டால் நிற்கும்; ஒப்பிடுவது முழு நியாயமில்லை. ஆனால் துளி அதே துளிதான்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், பாட்டியின் காட்டுக்கு ட்ரோன் வந்தது நல்லதென்றே நினைக்கிறேன். காரணம் தோல். மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரம் வந்தபின் அதற்குள் கைத்தெளிப்பானோடு நடக்கிறவர், தன் முகத்துக்கு நேரே அடித்து, அந்தப் பனிக்குள்ளேயே நுழைந்து போகிறார். லுங்கியும் பனியனும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்த பருவத்தில், மருந்து அடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருபது பேர் அளவில் திரும்பவில்லை. ட்ரோன் அந்த மனிதரைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் டேங்கில் மருந்தைக் கலக்கும் கை இன்னும் மனிதக் கைதான், கலக்குவதும் இருபது மடங்கு திக்கானது. மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் தரும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்தப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தருவதில் பாதி அக்கறையாவது முழங்கை வரை உறை போட்டுக் கலக்கக் கற்றுத்தருவதில் இருக்க வேண்டும்.

மருந்து இல்லாமலும் இந்த வண்டி ஓடும். டேங்கைக் கழற்றிவிட்டு, அடியில் சுழலும் தட்டு வைத்த பெட்டியை மாட்டினால் விதைநெல், குருணை உரம் எதையும் வீசும். எனக்குப் பிடித்த சரக்கு வேறு. ஜெர்மனியில் மக்காச்சோளத் தண்டுதுளைப்பானுக்கு எதிராக, டிரைக்கோகிரம்மா குளவிகளை உள்ளடக்கிய சிறு உருண்டைகளை ட்ரோன்கள் காட்டின் மேல் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகின்றன. நம் ஊர்க் கரும்புக்காரர்கள் அட்டையில் ஒட்டி இலையில் கட்டும் அதே முட்டை ஒட்டுண்ணிக் குடும்பம்தான். அரை மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி, அந்துப்பூச்சியின் முட்டையைத் தானே தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். துளி எங்கே விழும் என்ற கவலையே இங்கே கிடையாது.

மூன்றாம் நாள் மறுபடி அந்தக் காட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி வரிசையோடு வரிசையாக நடந்து, பத்துச் செடிக்கு ஒன்றாகக் குருத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புழு கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. வாய்க்கால் ஓரத்துப் புங்க மரத்தடிக்கு வந்தபோது எச்சம் ஈரமாக, புதிதாக இருந்தது. கிளை நீட்டிக்கொண்டிருந்ததால் எந்திரம் ஒதுங்கிப் போன இடம்.

"இங்க மரத்தப் பாத்துப் பயந்துக்குச்சு" என்றார்.

வாய்க்கால் கரையில் குனிந்து முந்தானையில் மணலை அள்ளிக் கட்டிக்கொண்டு, அந்த நிழலில் நின்ற செடிகளின் குருத்துகளில் ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே போனார்.